பஞ்சுல்: காம்பியா ஆற்றின் முகத்துவாரத் தலைநகருக்குப் போய்வர முழுமையான வழிகாட்டி

மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றங்கரைத் தலைநகரம் என்றால் பமாக்கோ, நியாமே, பஞ்சுல் என்று சில பெயர்கள் வரும். முதல் இரண்டும் நைஜர் ஆற்றின் மேல் இருப்பவை. மாலியிலும் நைஜரிலும் இன்றைக்கு இருக்கும் பாதுகாப்பு நிலைமையில் சுற்றிப் பார்க்க அங்கே போகச் சொல்ல மாட்டோம். பஞ்சுல் அப்படியில்லை. காம்பியாவின் ஆட்சிமொழி ஆங்கிலம், நாடு சின்னது, தனியாகப் போகிறவர்களும் சமாளிக்கலாம்.

காம்பியா ஆறு கினியாவின் ஃபூட்டா ஜாலோன் மேட்டுநிலத்தில் பிறந்து சுமார் 1,120 கி.மீ. ஓடி அட்லாண்டிக்கில் கலக்கிறது. அந்த வாய்க்குத் தென்கரையில் ஒரு தட்டையான தீவில் பஞ்சுல் இருக்கிறது. 1816-ல் ஆங்கிலேயக் கேப்டன் அலெக்சாண்டர் கிராண்ட் இங்கே படைமுகாம் போட்டு, பாதர்ஸ்ட் என்று பெயர் வைத்தார். 1973-ல் பழைய பெயரே திரும்ப வந்தது. 2013 கணக்கெடுப்பில் தீவு நகரின் மக்கள்தொகை சுமார் 31,000. பக்கத்து நிலப்பரப்பில் இருக்கும் செரெகுண்டா, பக்காவு, கொலோலி பகுதியில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் வசிக்கிறார்கள். நீங்கள் தூங்குவதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

பயணிகளில் பலர் கடற்கரை ஓட்டலில் இருந்து வண்டியில் வந்து, ஊர் நுழைவாயிலில் உள்ள நினைவு வளைவைப் பார்த்து, சந்தையில் ஒரு சுற்று சுற்றி, இரண்டு மணி நேரத்தில் "இங்கே ஒன்றுமே இல்லையே" என்று திரும்பிவிடுகிறார்கள். பஞ்சுல் வேலைநாளில், பகலில், துறைமுகமும் சந்தையும் படகுத்துறையும் இயங்கும்போது மட்டும் உயிரோடு இருக்கும் ஊர். மாலை ஆறு மணிக்கு மேல் பாதி ஊர் காலி. அதனால் உங்கள் திட்டத்தைப் படகுத்துறையை வைத்துப் போடுங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானாக அமையும்.

எப்போது போவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்த காலம். மழை கிடையாது, இரவில் லேசாகக் குளிரும். சில நாட்கள் சஹாராவிலிருந்து ஹர்மத்தான் காற்று தூசியைக் கொண்டுவந்து வானத்தை மங்கலாக்கும். ஆஸ்துமா இருப்பவர்கள் இன்ஹேலரை மறக்கக் கூடாது. மார்ச் முதல் மே வரை வெயில் ஏறினாலும் கரையோரத்தில் கடல்காற்று உண்டு. ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம், ஆகஸ்ட் உச்சம். பஞ்சுல் கடல்மட்டத்துக்குச் சமமாகப் படுத்திருக்கும் ஊர். ஒரு கனமழை பெய்தால் தெருவில் நீர் வடிய வழியில்லாமல் நிற்கும், கொசுவும் அப்போதுதான் அதிகம்.

ரமலான் மாதத்தில் போனால் பகலில் சாலையோரச் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மக்களில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். பக்ரீத்துக்கு அங்கே தோபாஸ்கி என்று பெயர். அதற்கு முந்தைய வாரம் ஆட்டுமந்தைகளோடு பாதி நாடே ஆற்றைக் கடக்கும். பார்க்க அருமையான காட்சி, ஆனால் அந்த வாரம் படகில் ஏற நினைத்தால் அரை நாள் போய்விடும்.

புறப்படும் முன்

முதல் வேலை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. காம்பியாவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் நிறச் சர்வதேசச் சான்றிதழ் கேட்கப்படும். இல்லையென்றால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தும் இடத்துக்கு அனுப்ப அதிகாரிகளுக்கு உரிமை உண்டு, அது 6 நாள் வரை நீளலாம். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். இந்த ஊசி எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள் என்பதால் ஒரு மாதம் முன்பே பாஸ்போர்ட்டுடன் விசாரித்துவிடுங்கள். முட்டை ஒவ்வாமை, கர்ப்பம், எதிர்ப்புச்சக்தி குறைக்கும் மருந்து ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது மலேரியா. அங்கே இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, மூளைவரை போகக்கூடியது. பழைய குளோரோகுயின் அதற்குப் பயன்படாது. அடோவாகுவோன்-புரோகுவானில், டாக்சிசைக்ளின், மெஃப்ளோகுயின் மூன்றில் எது உங்களுக்குச் சரி என்று மருத்துவர் எழுதித் தருவார். எல்லோரும் செய்யும் தவறு, ஊர் திரும்பியதும் மாத்திரையை நிறுத்துவது. முதலாவதை 7 நாளும், மற்ற இரண்டை 4 வாரமும் திரும்பிய பிறகு தொடர வேண்டும். திரும்பி வந்து சில மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்பதை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் டெங்கு, டைபாய்டு என்று நம் ஊர்ச் சந்தேகங்களிலேயே இரண்டு நாள் ஓடிவிடும்.

விசாவுக்குப் புது தில்லியில் உள்ள காம்பியத் தூதரகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வையுங்கள். அங்கே இறங்கியபின் வரும் பிரச்சினையைவிட, இங்கே விமான நிறுவனத்தின் கவுன்டரில் இருப்பவர் விதி தெரியாமல் போர்டிங் மறுப்பது பெரிய பிரச்சினை. அச்சிட்ட கடிதம் அங்கே பேசும்.

பணம்: அந்நாட்டு நாணயம் தலாசி. ஒரு டாலருக்குச் சுமார் 70 தலாசி என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். மிகப் பெரிய நோட்டே 200 தலாசிதான். 100 டாலர் மாற்றினால் குறைந்தது 35 நோட்டு கையில் வரும், 50-ஆகவும் 100-ஆகவும் கொடுத்தால் பர்ஸ் மூடாது. உள்பக்கம் ஜிப் வைத்த சின்னப் பை எடுத்துப் போங்கள். ரூபாயை யாரும் வாங்க மாட்டார்கள். டாலர், யூரோ, பவுண்டு மூன்றும் மாறும், கிழியாத புது நோட்டாக இருக்க வேண்டும். ஏடிஎம்-களில் விசா கார்டு ஓரளவு வேலை செய்யும், மாஸ்டர்கார்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை பல ஏடிஎம்-கள் காலியாகிவிடும், திங்கள் வரை நிரப்ப மாட்டார்கள்.

மின்சாரம் 230 வோல்ட். பிளக் ஆங்கிலேய வகை, மூன்று தட்டைக் கால். நம் உருண்டைக்கால் பிளக் பொருந்தாது, அடாப்டர் இரண்டு வையுங்கள். மின்வெட்டு சகஜம், பவர் பேங்க் அவசியம்.

போய்ச் சேரும் வழி

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நேரடி விமானம் கிடையாது. இஸ்தான்புல், காசாபிளாங்கா, பிரஸ்ஸல்ஸ் ஆகிய ஊர்களில் மாறிப் போகும் வழிகள் உண்டு. ஐரோப்பா வழியாக என்றால் டிரான்சிட் விசா வேண்டுமா என்று டிக்கெட் வாங்கும் முன் பாருங்கள். விமான நிலையம் பஞ்சுல் தீவில் இல்லை. 24 கி.மீ. தள்ளி யுண்டும் என்ற இடத்தில் இருக்கிறது. அந்த நீளமான ஓடுபாதை ஒருகாலத்தில் நாசாவின் விண்வெளி ஓடங்களுக்கு அவசர இறங்குதளமாக ஒதுக்கப்பட்டிருந்தது.

இறங்கியதும் குடிவரவுக்கு முன் பாதுகாப்புக் கட்டணம் 20 டாலர் கேட்பார்கள். 2019 முதல் இருக்கும் முறை இது, வரும்போதும் போகும்போதும் உண்டு. சரியாக இருபது டாலர் நோட்டு இரண்டைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். ஐம்பதைக் கொடுத்தால் மீதி வருவதற்குள் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் வெளியே போயிருப்பார்கள்.

இன்னொரு வழி செனகல். துபாய் வழியாக அந்நாட்டுத் தலைநகர் தக்கார் வரை விமானம், பிறகு தரைவழி. தக்காரின் புது விமான நிலையம் நகரத்துக்குள் இல்லை, கிழக்கே தியாஸ் என்ற இடத்தில் இருக்கிறது. அது பஞ்சுல் போகும் திசை. எனவே தக்கார் நகருக்குள் போய்த் திரும்பி வர வேண்டாம். நிலையத்திலிருந்து ம்பூர் போய், அங்கிருந்து ஏழு பேர் ஏறும் பழைய பெஜோ கார்களில் கவுலாக் வழியாகக் காரங் எல்லைக்குப் போகலாம். காரில் நடுவரிசை இருக்கைதான் வசதி. கடைசி வரிசையில் முழங்கால் தாடையில் இடிக்கும். எல்லையின் காம்பியப் பக்கம் அம்தலாய். அங்கே முத்திரை வாங்கி, பஞ்சுலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாராவுக்கு வண்டி, பிறகு படகில் ஆற்றைக் கடக்க வேண்டும். முழுப் பகல் வேலை இது. மாலை 5 மணிக்குள் பாராவில் இருக்கும்படி புறப்படுங்கள். தாமதமானால் வடகரையிலேயே இரவு தங்க நேரும், பாராவில் நல்ல விடுதி கிடைப்பது கஷ்டம். செனகலுக்கான விசா விதியையும் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தங்குவதற்கு

தீவுக்குள் விடுதிகள் மிகக் குறைவு. ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் தேர்வு பக்காவு அல்லது ஃபஜாரா: பஞ்சுலுக்குப் பக்கம், உள்ளூர்க் கடைகள் உண்டு, தொந்தரவு குறைவு. செனகாம்பியா வட்டாரம் என்று எல்லோரும் சொல்லும் கொலோலியில் உணவகமும் இரவுக் கூத்தும் அதிகம், தூரமும் இடைத்தரகர் தொல்லையும் அதிகம். இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பின் 2024 மே மாநாட்டுக்காகச் சாலைகளை அகலப்படுத்திய பிறகு பயணம் கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. ஆனாலும் தீவுக்குள் போக டென்டன் பாலம் ஒன்றுதான் வழி. அதில் லாரி ஒன்று நின்றுவிட்டால் தலைநகரமே நின்றுவிடும்.

வண்டி பிடிக்கும் முறை

மூன்று வகை. மஞ்சள் வண்ணத்தில் பச்சைக் கோடு போட்டவை ஊர் டாக்சிகள். பச்சை நிறம் சுற்றுலா டாக்சி, பலகையில் எழுதிய கட்டணம், ஊர் டாக்சியைப் போல் பல மடங்கு. மூன்றாவது கெலே கெலே எனப்படும் வேன்கள். கதவில் தொங்கும் பையன் ஊர்ப்பெயரைக் கத்திக்கொண்டே போவான்.

ஊர் டாக்சியில் இரண்டு விதம். வழியில் நிறுத்தி ஆளுக்கு ஒரு இருக்கை என்று நான்கு பேர் பகிர்ந்தால் கட்டணம் சில்லறைக் காசு. ஓட்டுநர் "டவுன் ட்ரிப்பா?" என்று கேட்பார். "ஆம்" என்றால் முழு வண்டியும் உங்களுக்கு, கட்டணம் ஏறும். வெளிநாட்டு முகத்தைப் பார்த்தாலே டவுன் ட்ரிப் என்று எடுத்துக்கொள்வார்கள். வேண்டாமென்றால் ஏறும் முன்பே "டவுன் ட்ரிப் இல்லை" என்று சொல்லுங்கள். வேண்டுமென்றால் ஏறும் முன்பே தொகையைப் பேசி, போக மட்டுமா, காத்திருந்து திரும்பவா என்பதையும் சேர்த்து முடியுங்கள். தகராறு எல்லாம் இந்தக் காத்திருப்புக் காசில்தான் வரும்.

பஞ்சுலுக்கு மலிவான வழி, செரெகுண்டாவின் வெஸ்ட்ஃபீல்டு சந்திப்பில் "பஞ்சுல், பஞ்சுல்" என்று கூவும் வேன். காலை 8 மணிக்குள் ஏறினால் அலுவலகம் போகிறவர்களோடு போய்ச் சேரலாம். மாலையில் எதிர்த்திசையில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு இருக்கும். பிற்பகல் 3 மணிக்கே கிளம்பினால் உட்கார்ந்து வரலாம்.

தீவுக்குள் ஒரு நாள்

திங்கள் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள். வெள்ளி மதியத்தோடு அரசு அலுவலகங்கள் மூடும், தொழுகைக்குக் கடைகளும் அடைக்கும். ஞாயிறு ஊர் தூங்கும். வெயில் ஏறுமுன் நடந்துவிட, காலை எட்டரைக்குள் தொடங்குங்கள். மொத்த நடை 4 கி.மீ. கூட வராது.

நுழைவாயிலிலேயே 35 மீட்டர் உயர வளைவு நிற்கிறது. செனகல் கட்டடக்கலைஞர் பியர் குடியாபி அதேபா வடிவமைத்து 1996-ல் திறந்தது. 1994 ஜூலை 22 அன்று ஆட்சியைப் பிடித்த இளம் ராணுவ அதிகாரி யாயா ஜாமே, தன் புரட்சியின் நினைவாக அதை எழுப்பினார். 2016 டிசம்பர் தேர்தலில் தோற்று, 2017 ஜனவரியில் நாட்டைவிட்டுப் போனார். வளைவு மட்டும் இருக்கிறது. மேலே ஏற அனுமதி இல்லாத நாட்களும் உண்டு, லிப்ட்டை நம்ப முடியாது, சுழல்படி ஏறத் தயாராகப் போங்கள். ஏற முடிந்தால் கட்டாயம் ஏறுங்கள். ஒரு பக்கம் தகரக் கூரைகள், மறுபக்கம் அலையாத்திக் காடு, எதிரே கடலும் ஆறும். இந்த ஊர் எவ்வளவு மெல்லிய மணல்திட்டு என்று இங்கேதான் புரியும்.

அங்கிருந்து இண்டிபென்டன்ஸ் டிரைவ் வழியாகக் கிழக்கே நடந்தால் வழியில் தேசிய அருங்காட்சியகம் வரும். 1985-ல் தொடங்கியது. வெளிச்சம் குறைவு, லேபிள்கள் மங்கல். ஆனாலும் கோரா இசைக்கருவிகளையும் பாதர்ஸ்ட் காலத்து வரைபடங்களையும் பார்க்க முக்கால் மணி நேரம் கொடுக்கலாம். மேலும் நடந்தால் மெக்கார்த்தி சதுக்கம். இடையில் பெயர் மாற்றி ஜூலை 22 சதுக்கம் என்றார்கள், இன்றும் இரண்டு பெயரும் புழங்கும். சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் அரசு மாளிகை. அந்தத் திசையில் கேமராவைத் தூக்கவே வேண்டாம்.

பத்து மணிவாக்கில் ஆல்பர்ட் சந்தைக்குப் போங்கள். முன்பக்கம் துணிக்கடை, பிளாஸ்டிக், செருப்பு. உள்ளே போகப் போக ஈரமான தரை, கருவாட்டு மணம், கோலா கொட்டைக் கூடைகள், சிவப்புப் பனை எண்ணெய் பாட்டில்கள், பாவோபாப் பழத்தின் வெள்ளைப் பொடி, காய்ந்த புளிச்சைப் பூ. பின்பக்கம் பெங்டுலா என்ற கைவினைப் பகுதி. கைவினைப் பகுதியில்தான் பேரம். சொல்லும் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து தொடங்கலாம். அரிசி, காய்கறி, பழத்துக்குப் பேரம் பேசினால் சிரிப்பார்கள், அங்கே குவியல் கணக்கு, விலை நிலையானது. 2015 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் துணிப்பை கொண்டுபோங்கள். ஆளைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். மீன்காரப் பெண்கள் மறுத்தால் மறுத்ததுதான்.

துணி வாங்குகிறவர்களுக்கு: மெழுகச்சுத் துணி கஜக்கணக்கில் வெட்டித் தருவார்கள். ஓரத்தில் அச்சு இரு பக்கமும் ஒரே அளவு அழுத்தமாக இருந்தால் நல்ல ரகம், பின்பக்கம் வெளுத்திருந்தால் ஒரு துவைப்பில் போய்விடும்.

சந்தையிலிருந்து லிபரேஷன் அவென்யூ தெற்கே துறைமுகத்தை ஒட்டிப் போகிறது. முன்பு அதன் பெயர் வெலிங்டன் தெரு. வாட்டர்லூப் போரில் இருந்த ஆங்கிலேயத் தளபதிகளின் பெயர்களை இந்த ஊர்த் தெருக்களுக்கு வரிசையாக வைத்திருந்தார்கள். உள்தெருக்களில் விடுதலையான அடிமைகளின் வழிவந்த அக்கு மக்களின் பழைய மரவீடுகள் இன்னும் சில நிற்கின்றன. தெற்கு முனையில் இருக்கும் பகுதியின் பெயர் ஹாஃப் டை. 1869-ல் வந்த காலராவில் அங்கிருந்தவர்களில் ஏராளமானோர் இறந்ததால் நிலைத்த பெயர். படகுத்துறையும் அங்கேதான்.

துறைமுகத்தில் மார்ச் முதல் ஜூன் வரை முந்திரி மூட்டைகள் குவிந்திருக்கும். கொட்டையோடு கூடிய பச்சை முந்திரி இங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறுகிறது. அந்த மாதங்களில் நம் ஊர் முந்திரி வியாபாரிகளை ஓட்டல்களில் பார்க்கலாம்.

ஆற்றைக் கடப்பது

பஞ்சுலையும் எதிர்க்கரை பாராவையும் இணைக்கப் பாலம் இல்லை. 2019 ஜனவரியில் ஃபராஃபென்னி பக்கம் செனகாம்பியா பாலம் திறந்தார்கள், அது ஆற்றின் மேல்பகுதியில் வெகுதூரம். இங்கே இன்றும் பெரிய இரும்புப் படகுதான். ஆள், ஆடு, லாரி, அரிசி மூட்டை எல்லாம் ஒன்றாகப் போகும்.

காலை 7 மணிக்கு முன்பே துறையில் இருங்கள். வெளியே உள்ள கவுன்டரில் பயணச்சீட்டு. கட்டணம் சொற்பம், சில்லறையாகக் கொடுங்கள். சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், உள்வாயிலில் கேட்பார்கள். "நான் வாங்கித் தருகிறேன்" என்று வருகிறவர்களுக்கு நன்றி சொல்லி நகருங்கள். உள்ளே காத்திருப்புக் கூடம். வாயில் திறந்ததும் எல்லோரும் ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். வண்டியும் ஆளும் ஒரே சாய்தளத்தில் ஏறுவதுதான் இங்கே ஆபத்து: இறங்குகிற லாரி முடியும்வரை ஓரமாக நில்லுங்கள், இரண்டு வண்டிக்கு நடுவில் ஒருபோதும் நுழையாதீர்கள். ஏறியதும் பக்கப்படி வழியாக மேல்தளம் போய்விடுங்கள். காற்றும் காட்சியும் அங்கே, பிக்பாக்கெட் கீழே. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். துறையில் படம் எடுக்கக் காவலர்கள் விடமாட்டார்கள், நடு ஆற்றுக்குப் போனதும் எடுக்கலாம்.

அரை மணியிலும் கடக்கலாம், ஒரு மணிக்கு மேலும் ஆகலாம். தாமதத்துக்குக் காரணங்கள் மூன்று. ஓடும் படகுகள் சிலவே, ஒன்று பழுதானால் மீதியின் வரிசை நீளும். ஆற்றின் வாய் என்பதால் நீரோட்டமும் அலையேற்றமும் பலம், படகு நேர்க்கோட்டில் போகாது. நீர் வற்றிய வேளையில் கரையின் சாய்தளம் செங்குத்தாகிவிடும், சுமை லாரிகள் ஏறத் திணறும், அதற்குள் படகு அடுத்த சுற்றைத் தவறவிடும். ஆகவே திரும்பும் படகுக்கு இரண்டு மணி நேரத்தை எப்போதும் கையிருப்பாக வையுங்கள். விமானம் பிடிக்க வேண்டிய நாளில் வடகரையில் இருக்கவே கூடாது.

பக்கத்திலேயே வண்ணம் பூசிய நீள மரப்படகுகள் போகும். கரையில் ஆழம் இல்லாததால் கூலியாட்கள் உங்களைத் தோளில் தூக்கிப் படகில் வைப்பார்கள். வேகம்தான், ஆனால் அளவுக்கு மேல் ஏற்றுவார்கள். உடல்மிதவை இல்லாமல், மழைக்காலக் காற்றில், இருட்டும் நேரத்தில் ஏற வேண்டாம். இது கடலோடு சேர்ந்த ஆறு. நடுவில் கவிழ்ந்தால் நீந்திக் கரையேறும் அகலம் இல்லை.

பாராவில் இறங்கி நடக்கும் தூரத்தில் புல்லன் கோட்டை. 1820-களில் ஆங்கிலேயர் கட்டியது. ஆப்பிரிக்கக் கடற்கரைக் கோட்டைகளில் பல அடிமை வியாபாரத்துக்காக எழுந்தவை. புல்லனும், பஞ்சுலில் ஆறு பீரங்கிகளோடு இருந்த மேடையும் அதைத் தடுக்க எழுந்தவை, ஆற்றின் வாயை இருபுறமும் பூட்டிவிட. அரை நாள்தான் இருக்கிறது என்றால் படகு, கோட்டை, திரும்பும் படகு என்று முடித்துக்கொள்ளலாம்.

முழு நாள் இருந்தால் ஜுஃபுரே. பாராவிலிருந்து கிழக்கே சுமார் 30 கி.மீ. வேன்கள் போகும், ஆனால் பிற்பகலில் திரும்பி வர வண்டி கிடைக்காமல் போகலாம். பாராவிலேயே காத்திருப்புடன் ஒரு காரைப் பேசிக்கொள்வது நல்லது. ஒட்டிய ஊர் அல்பிரெடா, 1681-ல் பிரெஞ்சுக்காரர்கள் வணிகநிலையம் அமைத்த இடம். முதலில் பழைய வணிகக் கட்டடத்தில் உள்ள அடிமை வியாபார அருங்காட்சியகம். அங்கேயே ஆற்றில் இருக்கும் குந்தா கிந்தே தீவுக்கான சீட்டும் கிடைக்கும். ஊர்த்தலைவரை அல்காலோ என்பார்கள். அவரைச் சந்தித்துச் சிறு காணிக்கை கொடுப்பது வழக்கம். பிறகு படகில் குந்தா கிந்தே தீவு. முன்பு ஜேம்ஸ் தீவு, 2011-ல் பெயர் மாறியது. 1976-ல் வந்த அமெரிக்க நாவல் ஒன்றால் ஜுஃபுரேயிலிருந்து அடிமையாகக் கடத்தப்பட்டதாகச் சொல்லப்படும் குந்தா கிந்தேயின் பெயர் உலகறிந்ததானது. 1651-ல் பால்டிக் கரையின் கூர்லாந்துக்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள், பத்தாண்டில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இப்போது இடிந்த சுவர்கள், சில பாவோபாப் மரங்கள், அலை அரித்துச் சுருங்கிய கரை. தீவும் அதைச் சார்ந்த இடங்களும் 2003-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. தீவில் கடையோ கழிப்பறையோ இல்லை. தண்ணீரும் தொப்பியும் கையோடு இருக்கட்டும். பகல் ஒன்றரைக்குத் தீவிலிருந்து கிளம்பினால் நான்கு மணிக்குப் பாராவில் நிற்கலாம்.

அலையாத்திக் கால்வாய்கள்

டென்டன் பாலத்தடியில் இருந்து தன்பி சதுப்புநிலத்துக்குள் படகு போகும். 6,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த அலையாத்திக் காடு, உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2007-ல் சேர்ந்தது. பயணத்துக்கு நேரம் பார்ப்பதுதான் முக்கியம். நீர் முழுக்க வற்றினால் குறுகிய கால்வாய்களில் படகு சேற்றில் தட்டும். முழுக்க நிரம்பினால் வேர்களும் சேற்றுப் பறவைகளும் மறைந்துவிடும். வற்றி ஏறத் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரம் சிறந்தது. படகுக்காரரிடம் முதல்நாளே "நாளை நீர் எத்தனை மணிக்கு ஏறும்?" என்று கேளுங்கள், அவர்களுக்கு மனப்பாடம். அப்போது வேர்களில் கொத்துக் கொத்தாகச் சிப்பி ஒட்டியிருப்பது தெரியும். ஜோலா இனப் பெண்கள் தோணியில் போய் அதைக் கத்தியால் பெயர்த்தெடுத்து, பாலத்தருகே அவித்து விற்பார்கள். சிப்பி ஓடு மலைமலையாகக் குவிந்திருக்கும், சுட்டால் சுண்ணாம்பு. பேரத்தில் மணிநேரக் கணக்கு பேசுங்கள், "ஒரு சுற்று" என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சாப்பாடு

பெனச்சின் என்பது ஒரே பானையில் மீனும் அரிசியும் காய்கறியும் சேர்ந்து வேகும் சோறு. தொமோதா வேர்க்கடலைக் குழம்பு. சூப்பர்கஞ்சா வெண்டைக்காயும் பனை எண்ணெயும் மீனும். மதியம் ஒரு மணிக்கு முன் போனால் சந்தைக்குள் உள்ள பெண்களின் கடைகளில் சூடாகக் கிடைக்கும், இரண்டரைக்குப் பானை காலி. பெரிய கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து வலக்கையால் சாப்பிடுவார்கள். உங்கள் முன்னால் இருக்கும் பகுதியை மட்டும் எடுங்கள். நல்ல மீன் துண்டை வீட்டுக்காரரே உங்கள் பக்கம் தள்ளிவிடுவார்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: "இறைச்சி வேண்டாம்" என்றால் மீன் வரும். "மீனும் வேண்டாம்" என்றால் கருவாட்டுத் தூளும் சுவைக்கட்டியும் போட்ட குழம்பு வரும். அதனால் குழம்பைவிட்டு வேறு பக்கம் தேடுங்கள். காலையில் தெருவோரத்தில் அக்காரா சுடுவார்கள், நம் காராமணி வடைக்குப் பக்கத்துச் சொந்தம். தாப்பாலாப்பா என்ற கெட்டி ரொட்டியில் வேகவைத்த பயறு வைத்துத் தருவார்கள். சுரா கெர்த்தே என்ற அரிசி-வேர்க்கடலைக் கஞ்சி தயிரோடு வரும். லெபனான்காரர் கடைகளில் ஃபலாஃபெல். அக்காரா எண்ணெயில் மீன் பொரித்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடிக்க வொஞ்சோ, புளிச்சைப் பூச் சாறு. ஐஸ் போட்டுத் தருவதைத் தவிர்த்து, மூடிய பாட்டிலில் உள்ளதை வாங்குங்கள். யாராவது அட்டாயாவுக்குக் கூப்பிட்டால் குறைந்தது ஒரு மணி நேரம் இருந்தால் மட்டும் உட்காருங்கள். கரியடுப்பில் சின்னக் கெட்டிலில் பச்சைத் தேயிலை கொதிக்கும். கண்ணாடிக் குவளைக்குக் குவளை உயரத்திலிருந்து மாற்றி மாற்றி ஊற்றி நுரை எழுப்புவார்கள். மூன்று சுற்று. முதல் சுற்று கசக்கும், போகப் போகச் சர்க்கரை ஏறும். முதல் சுற்றோடு எழுவது மரியாதையில்லை.

பேச்சும் பழக்கமும்

எதையும் கேட்கும் முன் வணக்கம் சொல்ல வேண்டும். "சலாம் அலைக்கும்" எங்கும் செல்லும். பஞ்சுலில் வொலோஃப் அதிகம்: "நங்கா தெஃப்?" என்றால் நலமா, பதில் "மங்கி ஃபி". மண்டின்காவில் நன்றிக்கு "அபரக்கா". வழி கேட்கிறவர் நேராக "படகுத்துறை எங்கே?" என்று தொடங்கினால் முகம் சுருங்கும்.

இடைத்தரகர்களை அங்கே பம்ஸ்டர் என்பார்கள். "என்னை ஞாபகம் இல்லையா, உங்கள் ஓட்டல் காவலாளி" என்பது அவர்களின் பழைய உத்தி. ஓட்டல் பெயரைக் கேளுங்கள், பேச்சு முடிந்துவிடும். கோபப்படத் தேவையில்லை, ஆபத்தானவர்கள் அல்ல. சிரித்துக்கொண்டே நடையைத் தொடருங்கள், நின்றால் அரை மணி போச்சு. கஞ்சா விற்க வந்தால் மட்டும் அந்த இடத்தைவிட்டே அகலுங்கள், சட்டம் கடுமையானது. காவலர், ராணுவம், துறைமுகம், விமான நிலையம் எதையும் படம் எடுக்காதீர்கள். சோதனைச் சாவடிகளில் பாஸ்போர்ட் நகல் போதும் என்று நினைக்க வேண்டாம், மூலத்தைக் கேட்கும் இடங்களும் உண்டு.

திரும்பும் நாள்

தலாசியை அந்நாட்டுக்கு வெளியே மாற்ற முடியாது. கடைசி நாளே ஊருக்குள் மாற்றி முடியுங்கள், டாக்சிக்கும் தண்ணீருக்கும் மட்டும் வைத்திருங்கள். மரச்சிற்பம் வாங்கியிருந்தால் துளையோ மரத்தூளோ இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி இருந்தால் நம் ஊர்ச் சுங்கத்தில் நிறுத்துவார்கள். தோல், ஓடு, தந்தம் எதையும் வாங்காதீர்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே யுண்டுமில் இருங்கள். நிலையத்துக்குள் நுழையும்போதும், செக்-இன்னுக்குப் பிறகும், வாயில் அருகிலும் பையைத் திறந்து காட்டச் சொல்லலாம். எனவே பொருட்களை இறுக்கிக் கட்டாமல், திறக்க எளிதாக அடுக்குங்கள். இரண்டாவது இருபது டாலர் நோட்டு வேண்டியது இங்கேதான்.